தானா சரியாப் போன பழுது

இல்ல தம்பி, நீ சொல்றது எனக்குப் புரியுது. லேப்டாப்புல ஒரு பழுதும் இல்ல. பிரெஞ்சுல எழுதினா பிரெஞ்சாவே எடுத்துக்குது, ஒரு சிவப்புக் கோடு கிடையாது, எல்லாம் ஒழுங்கா இருக்கு. அதைத்தாம்ப்பா நானும் சொல்றேன். ஏன் ஒழுங்கா இருக்கு? யாரு ஒழுங்கு பண்ணது? போன வாரம் வரைக்கும் இதுல இத்தாலியன் இருந்துச்சு, நானே உன்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கேன். நான் கை வெக்கல. வீட்டுல யாரும் கை வெக்கல. மூடாத, மூடாத மொன்தர்! கையை எடு அதுலேருந்து.

மன்னிச்சுக்கப்பா. உன்மேல கத்தணும்னு கத்தல. இன்னைக்கு என் மனசு ஒரு நிலையில இல்ல. இவளை வேற தூக்கிக்கிட்டு இந்த மேட்டுல ஓடி வந்தேனா, மூச்சு வாங்குது. தண்ணி இருந்தா குடு. காப்பியெல்லாம் வேண்டாம், தண்ணி போதும். ஏய், அந்த ஒயரை வாயில வெக்காதடி. ச்சீ, துப்பு. இதுகிட்டேருந்து அந்தத் திருப்புளியைக் கொஞ்சம் தள்ளி வையேன், எது கிடைச்சாலும் வாய்க்குத்தான் கொண்டு போவா.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அது தானா சரியாகுமா? அப்டேட்டுன்னு ஏதோ சொல்லுவீங்களே, நாம தூங்கும்போது அதுவா வந்து இறங்கும்னு, அந்த மாதிரி எதுனா வந்து சரி பண்ணியிருக்குமா? கரண்டு போயிட்டு வந்தா அப்படி ஆகுமா? போன வாரம் காத்துல நம்ம தெரு முழுக்கக் கரண்டு போச்சே. ஆகும்னா ஆகும்னு சொல்லிடு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவேன். போய் எல்லாரோடயும் உக்காந்து அழுதுடுவேன்.

ஆமா, இன்னைக்குத்தான். அஸர் தொழுகைக்கு அப்புறம். உனக்கும் சொல்லி விட்டிருப்பாங்களே, பெரிய பள்ளிவாசல்ல காயிப் ஜனாஸா. மய்யித்து, அதான் செத்தவங்க உடம்பு, இல்லாம தொழுகுறது. கடலோட போனவங்களுக்கு வேற எப்படித்தான் தொழுகுறது. தெருவுல நாற்காலி போட்டாச்சு. குஸ்குஸுக்கு அண்டா ஏத்தியாச்சு. பொம்பளைங்க எல்லாம் உள்ள உக்காந்திருக்காங்க. நான் புள்ளைக்குக் காய்ச்சல், மருந்துக் கடை வரைக்கும் போறேன்னு சொல்லிட்டுப் பின்வாசலால வந்தேன். லேப்டாப்பை இவ போர்வைக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்தேன். என் புருஷனுக்கு ஜனாஸா தொழப் போறாங்க, நான் உன் கடைல உக்காந்துக்கிட்டு எழுத்துப்பிழை பாக்குற மொழி ஏன் மாறுச்சுன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். பைத்தியம்னு நினைக்கிறியா, நினைச்சுக்க. ஆனா காது குடுத்துக் கேளு.

அவசரமாச் சொல்லுன்னா எனக்குச் சொல்ல வராது. வரிசையா வந்தாத்தான் உனக்குப் புரியும்.

இந்த லேப்டாப்பு அவரு வாங்கினது. என் மக்ரூத் பலகார வியாபாரத்துக்குன்னு துனிஸ் போயி, யாரோ உபயோகிச்சதைப் பேரம் பேசி வாங்கிட்டு வந்தாரு. எனக்குன்னு ஒரு அக்கவுண்ட் போட்டுக் குடுங்கன்னேன். எதுக்கு ரெண்டு, என்னோடதே போதும்னு சொல்லி அவரு பேருலயே திறந்து வெச்சாரு. இந்த மேல் ஓரத்துல ஆரஞ்சு வட்டத்துக்குள்ள லஸ்ஸாத்னு அவரு பேரோட முதல் எழுத்து இருக்கும். நான் அதுல உக்காந்துதான் படம் போடுறது, இன்னைக்குப் பேரீச்சம்பழம் வெச்சது இருக்கு, பாதாம் வெச்சது இருக்குன்னு எழுதுறது. துனிஸ் பொம்பளைங்களுக்கு நல்ல பிரெஞ்சுல எழுதினாத்தான் நம்பிக்கை வருது. தப்பா எழுதினா சுத்தமாச் சுட மாட்டாளோன்னு சந்தேகப்படுவாளுக. அதனால எனக்கு அந்தச் சிவப்புக் கோடு ரொம்ப வேணும். அது ஒரு வாத்தியார் மாதிரி பக்கத்துலயே இருக்கும்.

அவரு எரிக்கப் போனது, அதான் காகிதம் இல்லாம திருட்டுப் படகுல இத்தாலிக்குக் கிளம்பினது, ஆலிவ் பறிக்கிற காலத்துல. அடையாள அட்டையை எங்க வீட்டு அடுப்புலயே போட்டு எரிச்சாரு, அந்தக் கரை போனப்புறம் எந்த நாட்டான்னு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு. நான்தான் தீக்குச்சி குடுத்தேன். போனை ஒரு பலூனுக்குள்ள விட்டு முடிச்சுப் போட்டு இடுப்புல கட்டிக்கிட்டாரு. அப்ப இவ என் வயித்துல இருக்கா. கோட்டைக்கு அந்தப் பக்கம் கரையிலேருந்து படகு கிளம்புச்சு. விடிஞ்சா, எதிர்க்க இருக்குற இத்தாலித் தீவுக்குப் பக்கத்துல கவுந்துடுச்சுன்னு செய்தி. கரை ஒதுங்கினவங்கள்ல அவரு இல்ல. தப்பிச்சவங்க பேருலயும் அவரு பேரு இல்ல. என் கொழுந்தன் ஹாத்தெம்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போயி, மய்யித்தெல்லாம் பாத்துட்டு வந்து, இல்ல அண்ணி, அண்ணன் அதுல இல்லன்னான். இல்லங்கற வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு அன்னைக்கு நான் சாப்பிட்டேன்.

அப்புறம் ஒண்ணும் இல்ல. போன் அடிச்சா அடிக்கவே அடிக்காது. இவ பொறந்தா. நாப்பது கழிச்சு நான் மறுபடி அடுப்பு பத்த வெச்சு, மக்ரூத் போட்டு, படம் எடுத்து, எழுத உக்காந்தேன் பாரு, அன்னைக்குத்தான் முதல் தடவ. ரவைன்னா சிவப்பு. தேன்னா சிவப்பு. வணக்கம் சொன்னாக்கூடச் சிவப்பு. பக்கம் பூரா அம்மை போட்ட மாதிரி. வலது பக்கம் அமுக்கி என்னடான்னு கேட்டா, இத்தாலியன்ல ஏதேதோ வார்த்தை சொல்லுது.

சிரிக்காத. நம்ம கெலிபியால இத்தாலியன் வந்தா யாரு ஆச்சரியப்படுறா? சின்ன வயசுல நாம டிவில பாத்தது பூரா இத்தாலியன்தானே. மாடிக்குப் போனா இன்னைக்கும் போன்ல இத்தாலிக்கு நல்வரவுன்னு மெசேஜ் வருது. வெயில் நல்லா அடிச்சா அந்தத் தீவே தெரியுது. ஹாத்தெம் பாத்துட்டுச் சொன்னான், அண்ணி, இது அந்தத் தீவோட டவரைப் புடிச்சிருக்கு, நாம அந்தப் பக்கம் இருக்கோம்னு நினைச்சுக்கிச்சுன்னு. நானும் நம்பினேன். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டு எழுதுவேன் தம்பி! வேர்த்து ஊத்தும். இத்தாலியன் உள்ள வந்துடக் கூடாதாம். அவ்வளவு பெரிய அறிவாளி நான். எங்க மாமி, அவரைப் பெத்தவங்க, இன்னும் ஒரு படி மேல. வியாபாரத்துக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு காஞ்ச மீன் வாலை எடுத்து இந்த ஸ்க்ரீன் மேல கட்டித் தொங்க விட்டாங்க. பாதி எழுத்து தெரியாது. கவிச்ச வாடை வேற. போன் வந்தா மாடிக்கு ஓடிருவாங்க, கீழ சிக்னல் இல்லையாம், அந்த நேரம் பாத்துத்தான் நான் வாலை அவுத்துட்டு எழுதுவேன்.

சரி பண்ணத் தெரியாதான்னு கேக்குறியா? எனக்கா? கண்ணைக் கட்டி விட்டாக்கூடப் பண்ணுவேன். மேல ஓரத்துல மூணு புள்ளி, அதுக்குள்ள செட்டிங்ஸ், அதுக்குள்ள மொழிகள், கீழ இறங்கினா எழுத்துப்பிழை பாக்குறது. இத்தாலியனை அணைக்கணும், பிரெஞ்சை ஏத்தணும். ஹாத்தெம் சொல்லிக் குடுத்தான். பண்ணுவேன், சரியாகும். மறுநாள் பாத்தா மறுபடி இத்தாலியன். மறுபடி பண்ணுவேன். மறுபடி இத்தாலியன். திட்டித் தீப்பேன். அந்தத் தீவை, அந்த டவரை, இத்தாலிக்காரன் ஏழு தலைமுறையை எல்லாம் திட்டியிருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் சார்ஜர் வாங்க உன் கடைக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? கோடை ஆரம்பிச்ச சமயம். நீ வேற யாரோ ஒருத்தருக்குப் போன் பாத்துக்கிட்டு இருந்த, திருப்புளியை வாயில கவ்விக்கிட்டு. நான் சும்மா பேச்சுவாக்குல இந்த இத்தாலியன் தொல்லையைச் சொன்னேன். நீ நிமிந்துகூடப் பாக்கல. டவருமில்ல ஒண்ணுமில்ல அக்கா, அதே அக்கவுண்டை வேற எங்கயோ திறந்து வெச்சிருக்கீங்க, அங்க மாத்தினா இங்க மாறும், இங்க மாத்தினா அங்க மாறும், வேற போன்ல இருக்கான்னு பாருங்கன்னு சொல்லிட்டு, அந்த ஆளு போனை மூடிக் குடுத்த.

நீ சொன்னதுதான் மொன்தர். உனக்கு அது ஒண்ணுமில்ல. நான் இந்த வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல. சார்ஜரை வாங்காமலே போயிட்டேன், நீ பின்னாடி ஓடி வந்து குடுத்த.

யாரு அது? உள்ள வாங்க சாதோக் மாமா. ஆமா மாமா, நான்தான். அல்லா உங்களுக்கும் நல்லது செய்யட்டும். ஆமா, பொறுமைதான், வேற என்ன செய்யுறது. போட்டோ மாமா, அவரு போட்டோவைப் பெருசு பண்ணித் தரக் கேக்கலாம்னு வந்தேன். ஆமா, வீட்டுல மாட்டத்தான். அஸருக்கு அப்புறம், பெரிய பள்ளில. நீங்களும் தொழ வாங்க, அவருக்கு உங்கமேல ரொம்ப மரியாதை. இவளா? ஆமா, அவரு ஜாடைதான். வர்றேன் மாமா.

போயிட்டாரா? எட்டிப் பாரு. நல்ல மனுஷன், கண்ணு கலங்கிப் போச்சு அவருக்கு. நான் எம்புட்டு லேசாப் பொய் சொல்றேன் பாத்தியா.

எங்க விட்டேன்? ஆங். வீட்டுக்குப் போனேன். நீ சொன்னதைச் சோதிச்சுப் பாக்கணுமே. இத்தாலியனை எடுத்துட்டு, பிரெஞ்சும் வெக்காம, துருக்கி மொழியை வெச்சேன். நம்ம வீட்டுல அந்த நாடகம் பாக்குறதோட சரி, ஒருத்தருக்கும் எழுதத் தெரியாது. வெச்சுட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் ஆச்சு. மஃரிப் தொழுகை முடிஞ்சு இவளுக்குப் பால் குடுத்துக்கிட்டே பாக்குறேன், துருக்கி இல்ல. இத்தாலியன். என் கண்ணு முன்னாடியே மாறியிருக்கு. யாரோ ஒருத்தன் அந்தப் பக்கம், என்னை மாதிரியே மூணு புள்ளியை அமுக்கி, என்னை மாதிரியே திட்டிக்கிட்டே மாத்தியிருக்கான்.

யாரோ ஒருத்தன்னுதான் முதல்ல நானும் நினைச்சேன். போன் கரை ஒதுங்கி எவனாவது எடுத்திருப்பான்னு. நீதான் சொல்லு, பாஸ்வேர்ட் தெரியாம எவனாவது திறக்க முடியுமா? முடியாதுல்ல. அது மட்டுமில்ல. தினமும் சாயங்காலம் மாறும். பகல்ல வேலை போலிருக்கு. ஆனா ஒரு நாள் மாறல. எனக்கு உசிரே போயிடுச்சு. அப்புறம் பாத்தா, அன்னைக்கு துனிஸ் டீமு ஆட்டம். ஹாத்தெம் டிவி முன்னாடி கத்திக்கிட்டு இருந்தான். மறுநாள் விடிஞ்சுதான் மாறுச்சு. அவருக்கு ஆட்டம் நடக்குறப்ப வீடு இடிஞ்சாலும் தெரியாது. அவரேதான் மொன்தர். சத்தியமா அவரேதான்.

ஏன் அப்பவே உன்கிட்ட ஓடி வரலைன்னு கேக்குற. வந்திருந்தா நீ ஒரே அமுக்குல எந்த ஊரு, எந்தப் போன்னு காமிச்சிருப்ப. அதுக்குப் பயந்துதான் வரல. அதே அக்கவுண்டுக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம், நான்தான்னு சொல்லியிருக்கலாம். அதுக்கும் பயம். எழுதி, பதில் வரலைன்னா அப்புறம் நான் என்ன செய்வேன்? இப்படி மாத்தி மாத்தி விளையாடுற வரைக்கும் அவரு எனக்குப் பதில் சொல்ற மாதிரியே இருந்துச்சு. நான் காலைல துருக்கி வெப்பேன், அவரு சாயங்காலம் இத்தாலியன் வெப்பாரு. கல்யாணம் ஆன புதுசுல விளக்கை யாரு அணைக்கிறதுன்னு சண்டை போடுவோம், அது மாதிரி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், சாயங்காலம் ஆனா முகம் கழுவி, கண்ணுக்கு மை போட்டுக்கிட்டுத்தான் இதைத் திறப்பேன். மாமி கேப்பாங்க, யாரைப் பாக்க இந்த அலங்காரம்னு. மக்ரூத் ஆர்டர் பாக்கன்னு சொல்லுவேன்.

அவரு இத்தாலியன்ல அவ்வளவு எழுதுறாரே, யாருக்கு எழுதுறாருன்னு நான் என்னைக் கேட்டுக்கல. வேலைக்குத்தான் எழுதுவாருன்னு வெச்சுக்கிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். இவ பேரு எழுதினா எப்பவும் சிவப்புதான். ஷஹத். எந்த மொழி வெச்சாலும் இவளை ஒத்துக்காது. வலது பக்கம் அமுக்கினா, இந்த வார்த்தையைச் சேத்துக்கன்னு ஒண்ணு வரும்ல, அதை அமுக்கிச் சேத்துட்டேன். அங்கயும் போய்ச் சேந்திருக்கும்ல? சேந்திருக்கும்னு சொல்லு. அவரு எங்கயாவது அதைப் பாத்து, இது என்ன வார்த்தை, நான் சேக்கலையேன்னு யோசிச்சிருப்பாருல்ல. இவ பேரு அவருக்குத் தெரியாது. பொம்பளைப் புள்ளைன்னே தெரியாது. இத்தனை மாசத்துல நான் அவருகிட்டப் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

இரு இரு, அழல. இவ பாக்குறா, இவளும் ஆரம்பிச்சுடுவா.

அப்படித்தான் போச்சு கோடை பூரா. அப்புறம் போன வாரம் ஒரு நாள் காலைல திறக்குறேன், பிரெஞ்சு. நான் வெக்கல. துருக்கியும் இல்ல, இத்தாலியனும் இல்ல, அழகா பிரெஞ்சு. ஒரு கோடு இல்ல. மேல அந்த ஆரஞ்சு வட்டத்தையும் காணோம். இதோ பாரு, சாம்பலா ஒரு தலை மட்டும் இருக்கு, மறுபடி உள்ள வாங்கன்னு சொல்லுது. நான் துருக்கி வெச்சுப் பாத்தேன். சாயங்காலம் வந்துச்சு, துருக்கி அப்படியே இருக்கு. மறுநாளும் துருக்கி. ஆட்டம் எதுவும் இல்ல, ஹாத்தெம்கிட்டக் கேட்டேன். அதுக்கு மறுநாளும் துருக்கி. நானே பிரெஞ்சுக்கு மாத்தினேன், பிரெஞ்சாவே கிடக்கு. அந்தப் பக்கம் யாரும் இல்ல மொன்தர். நான் மட்டும்தான் இருக்கேன்.

அந்த வெள்ளிக்கிழமையே மாமி சொல்லிட்டாங்க, எத்தனை நாள்தான் இப்படி இருக்குறது, அவனுக்குத் தொழுதுடுவோம்னு. ஹாத்தெமும் இப்ப ஒரு சட்டைக் கதை சொல்றான். ஆஸ்பத்திரில பாத்த ஒரு மய்யித்து மேல அண்ணனோட கோடு போட்ட சட்டை மாதிரி இருந்துச்சாம். அப்ப ஏன்டா சொல்லலன்னா, உங்க வயித்துல புள்ள இருந்துச்சே அண்ணிங்கறான். அதுவும் நியாயமாத்தான் படுது. எல்லாம் நியாயமாத்தான் படுது. அதுதான் எனக்கு மூச்சு முட்டுது.

உசிரோட இருக்குற மனுஷன் எதுக்குச் செத்த மாதிரி இருக்கணும்னு கேக்குறியா? நீ துறைமுகத்துக்கே போனதில்ல போல. ஹெதி மவன் ரிதா கதை தெரியாதா? இத்தாலி போயி, அங்க தங்குற காகிதத்துக்காக ஒரு வயசான பொம்பளையைக் கட்டிக்கிட்டான். நம்ம சட்டத்துல ரெண்டாம் கல்யாணம்னா ஜெயிலு. இங்க இருந்த பொண்டாட்டி கோர்ட்டுக்குப் போனா. புள்ளைங்களுக்குச் செலவு குடுன்னு தீர்ப்பாகி, ஹெதி இன்னைக்கும் வலை இழுத்து மவனுக்காக அந்தப் பணத்தைக் கட்டிக்கிட்டு இருக்காரு. அதுலேருந்து துறைமுகத்துல பசங்க ஒண்ணு சொல்லிச் சிரிப்பாங்க, விவாகரத்து பண்றதைவிட மூழ்கிட்டேன்னு சொல்றது மலிவுன்னு. அவரும் சொல்லிச் சிரிச்சிருக்காரு. என் முன்னாடிதான். நானும் சேந்து சிரிச்சேன்.

அதனாலதான் கேக்குறேன், அது தானா சரியாகுமா? அவரா எடுத்து விடல, கரண்டு போனதால போயிடுச்சுன்னு சொல்லு. இல்லன்னா அந்த இத்தாலியனைத் திரும்ப வரவெச்சுக் குடு. எப்படியாவது வரவெச்சுக் குடு தம்பி, உன் காலைப் புடிக்கிறேன். ஊர்ல எல்லாரும் உன்கிட்டப் பழுது பாக்கக் கொண்டு வருவாங்க. நான் அந்தப் பழுதே வேணும்னு வந்து நிக்கிறேன். இந்த ஸ்க்ரீன் பூரா சிவப்பா ஒரு தடவ பாத்துட்டேன்னா, இதைத் தூக்கிக்கிட்டு நேரா பள்ளிவாசலுக்குப் போயி, ஆம்பளைங்க வரிசையா நிப்பாங்க பாரு, இமாம் முன்னாடி கொண்டு போய் வெச்சுடுவேன். நிறுத்துங்கன்னு சொல்லுவேன். இவனுக்குத் தொழாதீங்க, இவன் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து எழுதுறான்னு சொல்லுவேன்.

பாஸ்வேர்டா? பழசு தெரியும். நான் போட்டுப் பாக்கல. கை வரல. நீ போடு. அவங்க அப்பா படகு பேரு, மெஸ்ஸூதா, அதுக்குப் பின்னாடி நாங்க கல்யாணம் பண்ண வருஷம். ஆமா, இடைவெளி விடாம. போடு. இவளைப் புடிச்சுக்குறேன், நீ போடு.

என்ன சொல்லுது?

படி. வாய்விட்டுப் படி, எனக்கு எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது.

பாஸ்வேர்ட் தப்புன்னா சொல்லுது? மாத்தப்பட்டதுன்னா? எப்ப மாத்தினதாம்? போன வாரம். போன வாரம்னே போட்டிருக்கா? இன்னொரு தடவ படி.

அப்ப கரண்டு போனதால இல்ல. அப்டேட்டும் இல்ல. சரி. உன்மேல தப்பில்லப்பா, நீ என்ன பண்ணுவ, போட்டதைப் படிச்ச. மய்யித்து பாஸ்வேர்ட் மாத்தாதுல்ல. சரி. சரி.

அதோ பாங்கு சொல்லிட்டாங்க.

இல்ல, உக்காரு. நீ எதுக்கு எந்திரிக்கிற? பள்ளிக்கு ஓடி இமாம்கிட்டச் சொல்லப் போறியா? இன்னும் நேரம் இருக்குதான், சுன்னத்து தொழுவாங்க, அப்புறம் ஃபர்ளு, அப்புறம்தான் அவனுக்கு. ஓடினா நிறுத்திடலாம்தான். நான் உன்னைப் புடிச்சு வெக்கல. ஒரு நிமிஷம் உக்காருன்னுதான் சொல்றேன். நீ கேக்க வேண்டியதை இன்னும் கேக்கல.

ஆமா. அதைத்தான். அவனுக்கு இந்த லேப்டாப்பு ஞாபகமே இல்ல. அங்க புதுப் போன் வாங்கி, பழைய அக்கவுண்டைத் திறந்து, ஏதோ கோளாறுன்னு நினைச்சுத்தான் கோடை பூரா மாத்திக்கிட்டு இருந்திருக்கான். திடீர்னு போன வாரம் எப்படி அவனுக்குத் தெரிஞ்சுது, இந்தப் பக்கம் உக்காந்திருக்குறது நான்னு? யாருகிட்டச் சொன்னேன்னு கேக்குறியா?

ஹாத்தெம்கிட்டச் சொல்லல. எங்க வீட்டுல, என் அக்காகிட்டக்கூடச் சொல்லல. ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்கு ஆபத்தாயிடுமோன்னு பயந்தேன். ஒரே ஒருத்தங்ககிட்டத்தான் சொன்னேன். பெத்த தாய், ஒவ்வொரு தொழுகைக்கும் கையேந்தி அழுறாங்களே, எனக்கு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பாவம் இல்லையா. போன வாரம் முற்றத்துல மிளகாய் கோத்துக்கிட்டு இருந்தாங்க, காயப் போட. நான் போயி பக்கத்துல உக்காந்து, காலைக் கட்டிக்கிட்டு, மாமி, உங்க புள்ள உசிரோட இருக்காருன்னு சொன்னேன்.

ஊசி நிக்கல மொன்தர். அந்த மிளகாய் முடிஞ்சு அடுத்த மிளகாய் எடுத்தாங்க. அழல. எங்க இருக்கான்னு கேக்கல. உனக்கெப்படித் தெரியும்னுதான் கேட்டாங்க, சொன்னேன், இந்த மொழி மாறுறது, நான் மாத்துறது, அவரு மாத்துறது, எல்லாம் குழந்தை மாதிரி ஒப்பிச்சேன். கேட்டுட்டு, வேற யார்கிட்டயாவது சொன்னியான்னாங்க. இல்ல மாமின்னேன். நல்லதுன்னாங்க.

அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனாங்க. மறுநாள் காலைல எல்லாம் சரியா இருந்துச்சு.